மணமூட்டிய டீ: ருசித்துப் பழக ஒரு வழி

ஸ்ட்ராபெரி, மல்லிகை, வனிலா, எர்ல் கிரே, இலவங்கப்பட்டை என்று அடுக்கியிருக்கும் டப்பாக்களில் எதை எடுப்பது என்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மூடியைத் திறந்து முகர்ந்தால் எல்லாமே பிரமாதமாகத்தான் இருக்கும். வாங்கிவந்து போட்டுக் குடித்தால் பல வகைகள் ஏமாற்றிவிடும். ஏனென்றால் டப்பாவை முகர்ந்த கணத்திலேயே மனதுக்குள் ஒரு முடிவு எடுத்துவிடுகிறோம். நாக்கு அப்புறம்தான் வேலைக்கு வருகிறது.

மணமூட்டிய டீ எதுவானாலும் மேலே ஒரு மணம் இருக்கும், அடியில் ஒரு இலை இருக்கும். இரண்டையும் தனித்தனியாக அடையாளம் காணப் பழகுவதுதான் முக்கியம். பல வகைகளைக் குடித்துப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, எவ்வளவு நல்ல மணமும் மட்டமான இலையைக் காப்பாற்றாது என்பது. கோப்பை பாதியாகி, சூடும் தணிந்த பிறகு மணம் விலகிவிடும். இலையின் குணம் அப்படியே வெளியே வரும். கீழே சொல்வதெல்லாம் அந்தப் பாதிக் கோப்பையில் கவனமாக இருப்பதற்கான வழிகள்தான்.

மணம் எப்படி ஏறியது என்று பாருங்கள்

வாங்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்துவிடும். தேயிலை பக்கத்தில் இருக்கும் எந்த வாசனையையும் உறிஞ்சிக்கொள்ளும். அந்தக் குணத்தை வைத்துத்தான் மல்லிகை டீ செய்கிறார்கள். சீனாவின் ஃபுஜியன் மாகாணத்தில் இருக்கும் ஃபுஜோ நகரம் இதற்குப் பெயர் பெற்றது. பகலில் மொட்டாகப் பறித்த மல்லிகையை, அது மலரும் இரவு நேரத்தில் பச்சைத் தேயிலையோடு கலந்து வைப்பார்கள். விடிந்ததும் பூவைச் சலித்து எடுத்துவிட்டு, இலையில் ஏறிய ஈரத்தை உலர்த்துவார்கள். புதுப் பூவோடு இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். தரம் கூடக் கூடச் சுற்றுகளும் கூடும். உலர்ந்த பூவிதழ் நிறையத் தெரிந்தால் அது உயர்ந்த மல்லிகை டீ என்று நினைத்துவிட வேண்டாம். வேலை முடிந்த பூவில் மணம் மிஞ்சியிருக்காது.

இரண்டாவது வழி, எண்ணெயையோ நறுமணச் சாரத்தையோ காய்ந்த இலைமேல் தெளித்துப் புரட்டுவது. எர்ல் கிரே இப்படித்தான் தயாராகிறது. இத்தாலியின் கலாப்ரியா பகுதியில் அதிகம் விளையும் பெர்கமாட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் தோலிலிருந்து எடுத்த எண்ணெய்தான் அதன் மணம். சந்தையில் கிடைக்கும் பீச், ஸ்ட்ராபெரி, வனிலா, காரமெல் டீக்களும் பெரும்பாலும் இந்த வகையே. உள்ளே தெரியும் பழத்துண்டுகள் கண்ணுக்கு அழகு. ருசியை அவை பெரிதாக மாற்றுவதில்லை.

மூன்றாவது, பொருளையே கலப்பது: ஏலக்காய், இஞ்சி, பட்டை, புதினா, வறுத்த அரிசி. நான்காவது புகை. ஃபுஜியனின் வூயி மலைப்பகுதியைச் சேர்ந்த லாப்சாங் சூசோங் பைன் விறகின் புகையில் உலர்த்தப்படுவது.

இவை தவிர, டீ என்று பெயர் இருந்தாலும் தேயிலையே இல்லாத பானங்களும் உண்டு. கெமோமில் எனப்படும் சீமைச் சாமந்தி, தென்னாப்பிரிக்கச் செடியான ரூய்போஸ், புதினா, செம்பருத்தி எல்லாம் இந்தக் கணக்கு. இவற்றில் கஃபீன் இல்லை. தேயிலையின் துவர்ப்பைத் தேடி இவற்றைக் குடித்தால் ஏமாற்றமாக இருக்கும், அது அவற்றின் குறையல்ல.

சேர்மானப் பட்டியலை ஒரு தடவை படித்துவிடுங்கள். பெரும்பாலான நாடுகளில் எடையின் வரிசையிலேயே பொருட்களை அச்சிட வேண்டும். ராஸ்பெரி படம் போட்ட பொட்டலத்தில் செம்பருத்தியும் ஆப்பிளும் முதலில் வந்து, ராஸ்பெரி கடைசியில் எங்கோ இருந்தால், நீங்கள் வாங்குவது புளிப்பான செம்பருத்தி டீ. செயற்கை மணம் என்று எழுதியிருந்தால் உடனே ஒதுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். வனிலாவின் முக்கிய மணப்பொருளான வனிலின் என்ற மூலக்கூறு வனிலாக் காயிலிருந்து வந்தாலும் ஆலையிலிருந்து வந்தாலும் ஒன்றுதான். ஆனால் உண்மையான வனிலாக் காயில் அதோடு நூற்றுக்கும் மேற்பட்ட வேறு மணப்பொருட்கள் சேர்ந்திருக்கும். அதனால்தான் தனி வனிலின் போட்ட டீ முதல் வாய்க்கு நன்றாக இருந்து, மூன்றாவது வாய்க்குள் அலுத்துவிடுகிறது.

போடும் முறை

தேயிலை ருசிப்பவர்களுக்கென்று ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு சர்வதேசத் தரமுறையே இருக்கிறது. 1980இல் வந்தது. 100 மில்லிலிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் இலை, கொதிநீர், 6 நிமிடம். குறைகளைக் கண்டுபிடிப்பதற்காக வகுத்த முறை என்பதால் டீ மிகக் கடுமையாக இருக்கும். குடித்து ரசிக்க அது சரிப்படாது. வீட்டில் 150 மில்லிலிட்டருக்கு 2 கிராம் போதும். ஒரு டீ பேக்கில் ஏறக்குறைய இவ்வளவுதான் இருக்கும். எந்த அளவு வைத்தாலும், ஒப்பிடும் எல்லாக் கோப்பைக்கும் அதே அளவு, அதே தண்ணீர், அதே மாதிரிக் கோப்பை. இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்றில் அரைக் கரண்டி கூடிவிட்டால் அப்புறம் ஒப்பிட்டதில் அர்த்தமே இல்லை.

சூடும் நேரமும் மேலே உள்ள மணத்தைப் பார்த்து வைப்பதல்ல, அடியில் இருக்கும் இலையைப் பார்த்து வைப்பது. கறுப்புத் தேயிலைக்குக் கொதி வந்த தண்ணீர், 3 நிமிடம். பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி, 2 நிமிடம். வெப்பமானி இல்லாவிட்டால், கொதித்த தண்ணீரை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி, சில நிமிடம் ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். மல்லிகை டீ கசக்கிறது என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கொதிக்கக் கொதிக்க ஊற்றியிருப்பார்கள். பூவுக்கும் அந்தக் கசப்புக்கும் சம்பந்தமில்லை. வெந்துபோன பச்சை இலையின் கசப்பு அது. மூலிகை டீக்களுக்குக் கொதிநீரும் 5 முதல் 7 நிமிடமும் வேண்டும். ரூய்போஸை மறந்து பத்து நிமிடம் விட்டாலும் கசக்காது, துவர்ப்புப் பொருள் அதில் குறைவு.

மசாலா டீ மட்டும் தனி ரகம். அது ஊறினால் போதாது, கொதிக்க வேண்டும். ஏலக்காய், கிராம்பு, பட்டையின் மண எண்ணெய்கள் பாலின் கொழுப்பில் நன்றாகக் கரையும் என்பதால் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைக்கும்போதுதான் முழு மணமும் வரும். அதை இந்த வரிசையில் சேர்க்காமல் வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊறும்போது கோப்பையை ஒரு தட்டால் மூடிவையுங்கள். மணம் ஆவியாகிப் போய்விடும் பொருள். திறந்து வைத்தால் அறைதான் மணக்கும். தண்ணீரும் முக்கியம். தாது உப்புகள் அதிகமான கடின நீரில் டீயின் மேல் ஒரு ஏடு படரும், மணமும் மந்தமாகிவிடும். வடிகட்டிய குடிநீரே நல்லது.

முதல் சுற்றில் பாலும் சர்க்கரையும் வேண்டாம். இரண்டாம் பாதியில் சேர்த்துப் பார்க்கலாம்.

மூக்கும் நாக்கும்

இதற்கு நிதானம் வேண்டும். முதலில் காய்ந்த இலையை முகருங்கள். ஊறி முடிந்ததும் மூடியிருந்த தட்டின் அடிப்பக்கத்தை முகருங்கள். அப்புறம் வடிகட்டியில் இருக்கும் ஈர இலை. மூன்றும் மூன்று விதமாக இருக்கும், அந்த வித்தியாசமே நிறையச் சொல்லிவிடும். காய்ந்த இலையில் மணம் கத்திக்கொண்டிருந்து, ஈர இலையில் ஒன்றுமே இல்லையென்றால், மணம் மேலோட்டமாகத் தெளிக்கப்பட்டிருக்கிறது. நல்ல மல்லிகை டீயில் இது தலைகீழ். பொட்டலத்தில் அடக்கமாக இருந்துவிட்டு, தண்ணீர் பட்டதும் எழும்பி வரும்.

குடிப்பதற்கு முன் சற்று ஆறவிடுங்கள். 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச முகமை 2016இல் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்புள்ளவை என்று வகைப்படுத்தியது. ருசிக்கும் அதுவே நல்லது, சுடச்சுடக் குடிக்கும் நாக்குக்கு நுணுக்கம் எதுவும் தெரியாது. கரண்டியில் கொஞ்சம் எடுத்துச் சத்தமாக உறிஞ்சுங்கள். தொழில்முறை ருசிப்பாளர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். காற்றோடு சேர்ந்து தெறிக்கும் டீ வாய் முழுக்கப் பரவி, மணம் தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும்.

இப்போது ஒரு சோதனை. மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். ஸ்ட்ராபெரி காணாமல் போய்விடும். வனிலாவும் அப்படியே. புளிப்பு, கசப்பு, துவர்ப்பு, இனிப்பு மட்டும் மிஞ்சும். அடியில் இருக்கும் டீ அதுதான். விரலை விட்டதும் மணம் திரும்ப வந்து சேரும். புதிதாகப் பழகுகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான். பக்கம் பக்கமாகப் படித்தாலும் கிடைக்காத தெளிவு இதில் சில நொடிகளில் கிடைத்துவிடும்.

விழுங்கிய பிறகும் கவனியுங்கள். நாக்கு வறண்டு இழுக்கிறதா? அது துவர்ப்பு. தேயிலையில் இருக்கும் பாலிஃபீனால்கள் என்ற துவர்ப்புப் பொருட்கள் உமிழ்நீரிலுள்ள புரதத்தோடு பிணைவதால் வருவது. அளவாக இருந்தால் டீக்கு அது ஒரு கனம் கொடுக்கும். தொண்டையில் ஒட்டிக்கொண்டு போகவே போகாத இனிப்பா? பட்டியலில் அதிமதுரம் இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைக் கலவைகளில் சர்க்கரை போடாமலே இனிப்பு வருவது பெரும்பாலும் அதனால்தான். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அதிமதுரம் சேர்ந்த டீயைத் தினமும் குடிக்காமல் இருப்பது நல்லது.

எந்த வரிசையில் குடிப்பது

ஒரு அமர்வில் நான்கு வகைக்கு மேல் வேண்டாம். மூக்கு சீக்கிரம் பழகிச் சோர்ந்துவிடும், அதற்கு மேல் எதைக் குடித்தாலும் ஒரே மாதிரித்தான் இருக்கும். மென்மையானதிலிருந்து கடுமையானதுக்குப் போங்கள். பூ மணங்கள் முதலில், அப்புறம் பழங்கள், பிறகு வனிலா, காரமெல், மசாலாப் பொருட்கள். புதினாவும் புகையும் கடைசி. புதினாவின் மென்தால் குளிர்ச்சியை உணரும் நரம்புகளைத் தூண்டிவிடுவதால், அதற்குப் பின் வரும் மென்மையான டீக்கு வாய்ப்பே கிடைக்காது. நடுநடுவே வெதுவெதுப்பான தண்ணீரும் ஒன்றும் சேர்க்காத ஒரு துண்டு ரொட்டியும் போதும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு உட்காராதீர்கள். கஃபீன் ஒத்துக்கொள்ளாதவர்கள் ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடலாம், ருசிப்பாளர்கள் செய்வதும் அதுவே.

எனக்குப் பட்டவை

இனி வருவது என் நாக்கின் கருத்து. உங்களுடையது வேறாக இருக்கலாம், இருந்தாலும் எதைத் தேட வேண்டும் என்று காட்ட உதவும்.

தொடங்குவதற்கு மல்லிகை டீயைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. ஒரே இலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றலாம். முதல் ஊற்றில் பூ நிறைந்திருக்கும். இரண்டாவதில் பூவும் இலையும் சமமாக நிற்கும், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூன்றாவதில் பூ விலகி, லேசான இனிப்போடு பச்சைத் தேயிலை மட்டும் இருக்கும். மணம் வேறு, இலை வேறு என்று மேலே எழுதியதை இந்த மூன்று கோப்பைகள் நேரில் காட்டிவிடும். மலிவான வகைகளில் இரண்டாம் ஊற்றிலேயே வெறும் கசப்புதான் மிஞ்சுகிறது.

எர்ல் கிரேயில் நல்லது கெட்டது சீக்கிரம் பிடிபடும். நல்லதைக் குடித்தால், அப்போதுதான் உரித்த பழத்தோலைக் கண்முன் பிழிந்தது போலிருக்கும். அதில் ஒரு சின்னக் கசப்பும் உண்டு. எண்ணெய் அதிகமானால் சோப்பு நினைவு வரும். பெர்கமாட்டில் இருக்கும் லினலூல் என்ற மணப்பொருள் சோப்பிலும் வாசனைத் திரவியங்களிலும் சேர்க்கப்படுவது என்பதால் அந்த நினைவு தவறில்லை. 3 நிமிடத்தைத் தாண்டவிடாதீர்கள். எலுமிச்சைச் சாறு பிழிவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன், இருக்கும் நுட்பமான தோல் மணத்தை அந்தப் புளிப்பு அமுக்கிவிடுகிறது. கொஞ்சம் பால் ஊற்றினால் பழுதில்லை. மணம் எண்ணெயில் இருப்பதால், அமிலம் போலப் பாலைத் திரியவைக்காது.

பழ மணங்கள்தான் புதியவர்களை அதிகம் இழுப்பவை, அதிகம் ஏமாற்றுபவையும் அவையே. மூக்கு பழுத்த பீச் என்று சொல்லும், நாக்கில் இனிப்பே இருக்காது. மூளை இனிப்பை எதிர்பார்த்திருந்ததால் டீ வெறிச்சென்று படும். ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்துப் பாருங்கள். இனிப்பு தெரிவதற்கு முன்பே பழ மணம் எழுந்து வரும். சர்க்கரையே வேண்டாம் என்பவர்கள் குளிர்ந்த தண்ணீரில் இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் ஊறவைக்கலாம். குளிர்ந்த நீர் கசப்பையும் துவர்ப்பையும் குறைவாகவே இறக்கும், அதனால் பழம் தனியாகத் தெரியும். சூடாகக் குடித்துப் பிடிக்காமல் ஒதுக்கிய பீச் டீயை இப்படிக் குடித்த பிறகு நான் விரும்பி வாங்க ஆரம்பித்தேன்.

செம்பருத்தி கலந்தவற்றில் நிறம் அள்ளும். தோட்டத்துச் செம்பருத்தியின் இதழ் அல்ல, அதன் உறவான ரோசெல் செடியின் சதைப்பற்றான சிவந்த புல்லிவட்டம் (பூவின் அடியில் இருக்கும் பகுதி) அது. புளிப்பு கூர்மையாக இருக்கும். பால் சேர்த்தால் திரிந்துவிடும். பட்டையும் கிராம்பும் சேர்ந்த செம்பருத்தியை ரசிக்கிறேன். ஸ்ட்ராபெரி என்ற பெயரில் வரும் செம்பருத்தியில் எனக்கு ஸ்ட்ராபெரி தட்டுப்படவே இல்லை.

வனிலாவும் காரமெலும் தனியாகக் குடித்தால் சீக்கிரம் திகட்டும். இவற்றுக்குப் பால் கட்டாயம் என்றே சொல்வேன், கறுப்புத் தேயிலையின் துவர்ப்பைப் பால் அடக்கியதும் வனிலா இயல்பாக உட்கார்ந்துவிடும். வனிலாவுக்குத் தேயிலையைவிடப் பொருத்தமான அடித்தளம் ரூய்போஸ். தென்னாப்பிரிக்காவின் செடர்பெர்க் மலைப்பகுதியில் மட்டும் விளையும் இதற்கு இயல்பிலேயே தேனும் மரமும் கலந்த ஒரு ருசி உண்டு. அதில் வனிலா துருத்திக்கொண்டு நிற்பதில்லை. இரவில் குடிக்கவும் ஏற்றது.

ஜென்மைச்சா என்ற ஜப்பானிய வகையில் பச்சைத் தேயிலையோடு வறுத்த அரிசி கலந்திருக்கும், சில மணிகள் பொரிந்து வெள்ளையாகத் தெரியும். வறுபட்ட வாசனை, லேசான உப்புச் சாயல், வயிறு நிறைந்த திருப்தி. இனிப்பு மணங்கள் பிடிக்காதவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதை. பாதிக்குப் பாதி அரிசி இருப்பதால் கஃபீனும் குறைவு.

கெமோமிலில் ஆப்பிள் வாசனை தேடுங்கள், வைக்கோல் வாசனையும் கூடவே வரும். பழையதானால் வைக்கோல் மட்டும்தான். சாமந்தி இனப் பூக்கள் ஒவ்வாதவர்கள் தவிர்க்க வேண்டும்.

லாப்சாங் சூசோங் எல்லோருக்கும் பிடிப்பதில்லை. முதல் முகர்வில் அணைந்த விறகு அடுப்பு. இலையைப் பாதியாகக் குறைத்து, 2 நிமிடத்தில் வடித்துப் பாருங்கள். புகைக்குப் பின்னால் உலர்ந்த பழம் போன்ற ஒரு இனிப்பு ஒளிந்திருக்கிறது, ஆறும்போது அது மெல்ல முன்னுக்கு வரும். அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறிப்பு எழுதுங்கள்

ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் போதும். காய்ந்த இலை, ஈர இலை, வாயில், விழுங்கிய பின், ஆறிய பின் என்று ஐந்து வரி. டப்பாவில் அச்சிட்ட வர்ணனையைப் படிக்கும் முன்பே எழுதிவிடுங்கள். படித்துவிட்டால் அந்த வார்த்தைகள்தான் நாக்கில் தெரியும். சொல் அழகாக இருக்க வேண்டியதில்லை. ‘பழைய புத்தகம்’, ‘மழைக்குப் பின் மரம்’, ‘மருந்துக் கடை’ என்று தோன்றியதை எழுதுங்கள். கடைசி வரிதான் எனக்கு முக்கியம். ஆறிய பின்னும் குடிக்கத் தோன்றியதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிய டீயை மட்டும் பெரிய டப்பாவாக வாங்குகிறேன். மற்றதெல்லாம் சின்னப் பொட்டலத்தோடு சரி.

கூட ஒருவர் இருந்தால் கோப்பையின் அடியில் எண் ஒட்டி, எது எதுவென்று தெரியாமல் குடித்துப் பாருங்கள். விலையுயர்ந்த டப்பாவின் மயக்கம் இதில் செல்லாது.

வைக்கும் முறையும் வீட்டிலேயே மணமூட்டுவதும்

உறிஞ்சும் குணம் இலைக்கு உண்டு என்று சொன்னேன். ஆகவே ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாக, காற்றுப் புகாத, வெளிச்சம் படாத டப்பா வேண்டும். லாப்சாங்கை மல்லிகையின் பக்கத்தில் திறந்து வைத்தால் சில நாட்களில் மல்லிகையிலும் புகை மணம் ஏறிவிடும். மசாலாப் பெட்டி இருக்கும் அலமாரியும் வேண்டாம். எர்ல் கிரே போன்றவை திறந்த பிறகு மெல்ல மணம் இழக்கும், சில மாதங்களுக்குள் முடித்துவிடக்கூடிய அளவாக வாங்குங்கள்.

இதே குணத்தை வைத்து நீங்களே மணமூட்டலாம். பழகுவதற்கு இதைவிடச் சுவாரசியமான வழி இல்லை. மணம் எதுவும் சேராத நல்ல கறுப்புத் தேயிலை 100 கிராம் எடுத்து, ஒரு வனிலாக் காயை நீளவாக்கில் பிளந்து துண்டாக்கி அதனோடு போட்டு, இறுக்கி மூடி இரண்டு வாரம் விட்டுவிடுங்கள். அவ்வப்போது குலுக்கினால் போதும். ஆரஞ்சுத் தோல் சேர்ப்பதென்றால் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒடித்தால் முறியும் அளவுக்குக் காயவைத்த பிறகே போடுங்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். கடையில் சரமாகத் தொடுத்து விற்கும் பூக்களை டீயில் போட வேண்டாம், பூச்சிமருந்து தெளித்திருக்கக்கூடும். மருந்து அடிக்காமல் நீங்களே வளர்த்த செடியின் மல்லிகை என்றால், மாலையில் மொட்டாகப் பறித்து, மெல்லிய துணியில் முடிந்து, பச்சைத் தேயிலைக்குள் ஒரு இரவு வையுங்கள். காலையில் முடிச்சை எடுத்துவிட்டு, இலையைத் தட்டில் பரப்பி நன்றாக உலர்த்துங்கள். முதல் தடவை மணம் மிக லேசாகத்தான் ஏறும். அடுத்த நாள் புது மொட்டுகளோடு இன்னொரு சுற்று வையுங்கள்.